ஐம்பது கே.பி.க்குள் இரண்டு பல்

உலகத்தில் இதுவரை நடந்தவற்றை இரண்டாகப் பிரிக்கலாம்: உரிய வடிவத்தில் சேமிக்கப்பட்டவை, நடக்காதவை.

இது தக்கலை மனித குலத்துக்கு வழங்கிய உண்மை. வழங்கியவர் செல்வதாஸ். திருவனந்தபுரம் சாலையில் ஒரு பேக்கரியின் மாடியில் இயங்கும் ஒலி ஒளிச் சான்று ஏற்பு அலுவலகத்துக்கு அவர்தான் முதன்மை வடிவ அலுவலர். வாசகத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் நாற்காலிக்கு மேலே மாட்டியிருந்தார். திறப்பு விழா அன்று ஒரு நிருபர், "அப்போ இரண்டாம் உலகப் போர்?" என்று கேட்டார். செல்வதாஸ் கண்ணை மூடி யோசித்துவிட்டு, "எந்த ஃபார்மட்டில் இருக்கிறது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்" என்றார்.

யார் எதைப் போனில் பிடித்து வைத்திருந்தாலும், வழக்குக்குப் போகும் முன் அது இந்த மாடிக்கு ஏறி வந்து ஓர் ஏற்பு எண் வாங்க வேண்டும். எண் கிடைத்தால் அது நடந்தது. கிடைக்காவிட்டால் கீழே போய் முட்டை பப்ஸ் தின்றுவிட்டு ஊருக்குப் போகலாம்.

குலசேகரத்துக்காரர் ஞானதாசன் அந்த எண்ணைத் தேடி ஒரு வியாழக்கிழமை காலை படியேறினார். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். வயது ஐம்பத்திரண்டு. முந்திய வாரம் வரை பல் முப்பத்திரண்டு, இப்போது முப்பது. அந்த இரண்டையும் எடுத்தவர் தோட்டத்து சூப்பர்வைசர் வைகுண்டராஜன். நனைந்த மரத்தில் வெட்டினால் பால் சிரட்டைக்கு வராது, பட்டை வழியாக ஒழுகி வீணாகும் என்று ஞானதாசன் விளக்கியிருக்கிறார். வைகுண்டராஜனுக்குத் தாவரவியல் பிடிக்காது. நாற்பத்துமூன்று வினாடி அடித்தார். அடித்த கை காய்வதற்குள், ஞானதாசன் தன்னை வெட்டுக்கத்தியால் குத்த வந்ததாகப் புகாரும் கொடுத்தார். திங்கட்கிழமை விசாரணை. எண் இருந்தால் வைகுண்டராஜன் உள்ளே போவார். இல்லாவிட்டால் ஞானதாசன்.

நாற்பத்துமூன்று வினாடி என்று இவ்வளவு சரியாகச் சொல்ல முடிவதற்கு மகள் லிஜி காரணம். நர்சிங் முதலாண்டு. அப்பாவுக்குக் காலைக் கஞ்சி கொண்டு போனவள், மரத்துக்குப் பின்னால் நின்று தூக்குவாளிப் பைக்குள் போனை வைத்துச் சத்தத்தைப் பதிவு செய்தாள். வைகுண்டராஜன் முஷ்டியைத் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்தபோது ஒரு படமும் எடுத்தாள். முன்னால் அப்பாவின் வாய், பின்னால் வைகுண்டராஜனின் கை, இரண்டிலும் ஒரே இரத்தம். துபாய் மாமா தந்த ஆப்பிள் போன். படம் அவ்வளவு தெளிவு.

"ஃபைல் தொறக்கல" என்றாள் கவுண்டரில் இருந்த ஜாஸ்மி. படப் பிரிவு அவள் பொறுப்பு. "இது எச்.இ.ஐ.சி. ஆப்பிள் போன் படத்த இப்பிடித்தான் சுருட்டி வைக்கும். எங்க கம்ப்யூட்டருக்கு அத விரிக்கத் தெரியாது. ஜே.பி.ஜி. கொண்டு வாங்க, அண்ணாச்சி."

ஞானதாசன் வாயைத் திறந்து காட்டினார். "இன்னா பாரு பிள்ளே. எனக்க பல்லு ரெண்டும் இஞ்சதான் இருந்தது."

ஜாஸ்மி எழுந்து எட்டிப் பார்த்தாள். காயம் பழுத்திருந்தது. "வாய் எந்த ஃபார்மட்லயும் வராது, அண்ணாச்சி" என்று இரக்கத்தோடு சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

லிஜி வராந்தாவில் உட்கார்ந்து, படத்தின் பெயருக்குக் கடைசியில் இருந்த எச்.இ.ஐ.சி. என்ற எழுத்துகளை அழித்துவிட்டு ஜே.பி.ஜி. என்று எழுதினாள். நம் மாவட்டத்தில் படித்த பிள்ளைகள் எல்லோரும் ஒருமுறையாவது செய்திருக்கும் காரியம்தான். அலுவலகக் கம்ப்யூட்டர் ஏமாறவில்லை. சிவப்பாக ஒரு பெட்டி காட்டிக் கூவியது. கூவல் கேட்டு செல்வதாஸ் அறையிலிருந்து வெளியே வந்தார்.

"சாளைப் பெட்டியில நெய்மீனுன்னு எழுதி ஒட்டினா, சாளை நெய்மீன் ஆவுமா?"

"ஆவாது சாரே" என்றார் ஞானதாசன்.

"விதி பதினான்கு. வடிவ ஆள்மாறாட்டம்" என்றார் செல்வதாஸ். காவலாளி பகவதியப்பன் முன்னால் வந்து, ஞானதாசனின் வீங்கிய கன்னத்தில் ஒன்று விட்டார். வீங்காத கன்னம் அருகில்தான் இருந்தது. பகவதியப்பன் இடக்கைக்காரர், அவர் மேல் குற்றமில்லை.

ஞானதாசன் சுவரைப் பிடித்து நிமிர்ந்தார். அவருக்கு ஒரு யோசனை வந்தது. இந்தக் கதையில் யாருக்கும் வந்த யோசனைகளில் இது ஒன்றுதான் உருப்படியானது. வரிசையில் பின்னால் நின்றவரிடம் ஒரு சாதாரண போனை இரவல் வாங்கினார். லிஜியின் போனில் படத்தைத் திறந்து வைக்கச் சொல்லி, அந்தத் திரையை இந்தப் போனால் படம் எடுத்தார். இந்தப் போனுக்கு ஜே.பி.ஜி.யைத் தவிர வேறு எதுவும் தெரியாது.

செல்வதாஸ் அதைப் பார்த்தார். கோபப்படுவதற்குப் பதில் சிரிக்க ஆரம்பித்தார். எல்லாரையும் கூப்பிட்டார். "பாருங்க! திரையைப் படம் பிடிச்சிருக்காரு! மேல டியூப் லைட் விழுந்து கெடக்கு. ஓரத்துல கட்டைவிரலு. கண்ணாடியில தெரியுற சோத்தை அள்ளித் தின்னுற ஆளு!" ஊழியர்கள் பணிமூப்பு வரிசைப்படி சிரித்தார்கள். "நல்லா கேட்டுக்கிடும் வே. திரையைப் படம் பிடிக்கிறவன் மனுஷனே இல்ல. இந்த மாடியில நான் மூச்சோட இருக்கிற வரைக்கும் இந்தக் கேவலம் நடக்காது." பேசி முடித்த சூட்டிலேயே ஜாஸ்மியைக் கொண்டு ஒரு அட்டையில் 'திரையைப் படம் பிடிப்போர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்' என்று எழுதிப் படிக்கட்டில் ஒட்டவைத்தார்.

நடவடிக்கையைப் பகவதியப்பன் எடுத்தார். இரண்டு அடி. மூலத்துக்கு ஒன்று, நகலுக்கு ஒன்று.

மதியத்துக்குள் லிஜி பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்துக் கம்ப்யூட்டர் கடையில் படத்தை முறைப்படி ஜே.பி.ஜி.யாக மாற்றிக் கொண்டுவந்தாள். மூன்று எம்.பி. இருந்தது. அலுவலகம் ஐம்பது கே.பி.க்கு மேல் வாங்காது. மறுபடி கடைக்குப் போய் அமுக்கினாள். ஐநூறு, இருநூறு, நூறு, நாற்பத்தொன்பது. அமுக்க அமுக்க முகம் சதுரம் சதுரமாக உடைந்தது. இரத்தம் காவி நிறக் கட்டங்களாக உறைந்தது.

"இது தரை ஓடு" என்றார் செல்வதாஸ்.

"எனக்க அப்பா சார்."

"நான் விளக்குறேன்." விளக்குவதற்கு செல்வதாஸுக்கு எப்போதும் நேரம் உண்டு. நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து நின்றார். "ஜே.பி.ஜி. என்பது ஒரு பண்பாடு. படத்தில் எது மனிதக் கண்ணுக்கு முக்கியமில்லையோ, அதைத் தானே தூக்கி எறிந்துவிடும். வானத்தில் உள்ள சின்னச் சின்ன நிற வேறுபாடு, முடிக்கற்றை, தோல் சுருக்கம். யாரும் கவனிக்காதவை. இப்போ உம்ம பல் போயிருக்குன்னா, ஜே.பி.ஜி. அதை முக்கியமில்லைன்னு நினைச்சிருக்கு. ஜே.பி.ஜி.யை விட நமக்கு அதிகம் தெரியுமா? நானும் முப்பது வருஷமா இப்பிடித்தான் வேலை பாக்கேன். எது முக்கியமில்லையோ அத எறிஞ்சிருவேன். இந்த அலுவலகத்துக்கு வந்த மனுக்களில் தொண்ணூற்றாறு சதவீதம் சுருங்கியிருக்கு. மேலிடம் பாராட்டி எழுதியிருக்கு."

ஒலிப் பிரிவு எதிர் மூலையில் இருந்தது. அதன் தலைவர் சிவதாணு இதற்கெல்லாம் எதிரி. அவர் எதையும் எறிவதில்லை. அவருடைய பிரிவு வேவ் வடிவத்தை மட்டுமே ஏற்கும். காற்று எப்படி அசைந்ததோ, வினாடிக்கு நாற்பத்து நாலாயிரத்து நூறு தடவை அளந்து, ஒரு துளி சிந்தாமல் அப்படியே வைக்கும் வடிவம்.

"உங்க சத்தம் மாசு மருவில்லாம இருக்கும்" என்று ஞானதாசனின் தோளில் தட்டினார் சிவதாணு. "ஒரு எம்.பி.க்குள்ள கொண்டு வாங்க."

லிஜி கணக்குப் போட்டாள். அந்த வடிவத்தில் ஒரு எம்.பி.க்குள் ஆறு வினாடிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் அடங்கும். "அடிச்சது நாப்பத்திமூணு வினாடி சார்."

"ஆறுக்குள்ள அடிச்சு முடிக்கச் சொல்லியிருக்கணும்" என்றார் சிவதாணு.

"எம்.பி.3 ஆக்குனா முழுசும் கொள்ளுமே" என்று ஜாஸ்மி தன் மூலையிலிருந்து சொன்னாள். காதுக்கு எட்டாத சத்தத்தை எல்லாம் எறிந்துவிட்டால் ஒரு எம்.பி.க்குள் நாற்பத்துமூன்று வினாடியும் சுகமாக உட்காரும்.

சிவதாணுவின் முகம் கறுத்தது. எறியும் பிரிவுக்கும் எறியாத பிரிவுக்கும் இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவர் முதலில் எறிந்தது ஸ்டேப்ளர். அது ஜாஸ்மியின் காதை உரசிப் போய்ச் சுவர்க் கடிகாரத்தை உடைத்தது. ஜாஸ்மி ஸ்கேனரின் மூடியைப் பிடுங்கி வந்து அவர் மண்டையில் இறக்கினாள். சிவதாணு அவள் கையைக் கடித்தார். பகவதியப்பன் ஓடி வந்து, யாரை அடிப்பது என்று விதி சொல்லாததால், ஞானதாசனை அடித்தார். உதடு கிழிந்து மனு மேல் மூன்று சொட்டு விழுந்தது. மனு அசுத்தமாக இருப்பதாகக் குறிப்பெழுதப்பட்டது.

தலையில் கட்டோடு சிவதாணு தானே முன்வந்து பதிவின் முதல் ஆறு வினாடியை வெட்டித் தந்தார். அதில் ஞானதாசனின் குரல், கண்ணாடிபோல் துல்லியமாக, "மழையில வெட்ட ஏலாது சாரே" என்று சொன்னது. பிறகு ஒரு குயில் கூவியது. அடி ஏழாவது வினாடியில் ஆரம்பித்தது.

"இதுல நீரு வேலை செய்யமாட்டேன்னு சொல்லுறதுதானே இருக்கு?" என்றார் செல்வதாஸ். "இதுக்கு வேணும்னா இப்பவே எண் தாறேன்."

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அப்பாவும் மகளும் மறுபடி படியேறினார்கள். மாலை ஐந்துக்கு அலுவலகம் பூட்டிவிடும், பிறகு திங்கள்தான். ஞானதாசன் கை கூப்பி நின்றார். செல்வதாஸுக்கும் மனசு உண்டு. அவர் அலமாரியிலிருந்து ஒரு சுற்றறிக்கையை எடுத்து வாசித்தார்: மூலப் பதிவு உரிய வடிவத்தில் இல்லாதபட்சத்தில், சம்பவத்தை அலுவலக வளாகத்தில், அலுவலகக் கருவிகளைக் கொண்டு, உரிய அளவில் மறுபதிவு செய்துகொள்ளலாம்.

"அப்பிடின்னா?" என்றாள் லிஜி.

"வைகுண்டராஜனுக்கு ஆளனுப்பியாச்சு" என்றார் செல்வதாஸ்.

வைகுண்டராஜன் பதினோரு மணிக்கு வெள்ளைச் சட்டையில் வந்தார். யாருக்கு எதிராக இந்தப் பதிவு என்று அவர் கேட்கவில்லை. அரசு அலுவலகத்தில் அடிக்கக் கூப்பிட்டதே அவருக்குக் கௌரவமாக இருந்தது. "ஆறு வினாடி பத்தாது சாரே. நான் சூடாவவே அவ்வளவு நேரம் ஆவும்" என்றார். முயற்சி செய்வதாக ஒப்புக்கொண்டார்.

"வேண்டாம்ப்பா, போலாம்" என்று லிஜி கையைப் பிடித்து இழுத்தாள்.

"நம்பரு கிடைக்கட்டும் மக்களே. வாங்கினதோட இன்னும் ஒண்ணு ரெண்டு. உள்ள போனா வருஷக்கணக்குல அடிப்பானுவ" என்றார் ஞானதாசன். பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டும் என்பதால் பகவதியப்பனின் வேட்டியைச் சுவரில் கட்டி, அதன் முன்னால் அவரை நிறுத்தினார்கள். பகவதியப்பன் துண்டோடு நின்றார்.

முதல் தடவை அடி நன்றாக விழுந்தது. ஆனால் ஞானதாசன் கண்ணை மூடிவிட்டார். படத்தில் இரு கண்ணும் திறந்து, இரு காதும் தெரிய வேண்டும். இரண்டாம் தடவை கண் திறந்திருந்தது. அலறல் ஏழாவது வினாடியில் வந்து கோப்பு ஒரு எம்.பி.யைத் தாண்டிவிட்டது. "வலிச்ச உடனே கத்தணும், வே. யோசிச்சிட்டு நிக்கப்பிடாது" என்று சிவதாணு கண்டித்தார். மூன்றாவதில் வேட்டியில் இரத்தம் தெறித்துப் பின்னணி வெள்ளையாக இல்லை. வேட்டியைத் திருப்பிக் கட்டினார்கள். நான்காவது எல்லா வகையிலும் கச்சிதம். முஷ்டி மூன்றாம் வினாடியில் தாடையில் இறங்கியது, நான்காம் வினாடியில் பல் தரையில் விழுந்து உருண்டது, ஐந்தாம் வினாடியில் ஞானதாசன் அலறினார். மகிழ்ச்சியில் ஊழியர்கள் கை தட்டிவிட்டார்கள். கைதட்டல் பதிவில் விழுந்ததால் அது செல்லவில்லை.

ஐந்தாவதில் லிஜி, "கொல்லுதானுவளே!" என்று கத்தினாள். வெளிச்சத்தம் கூடாது என்று பகவதியப்பன் அவளைப் படிக்கட்டுக்குத் தள்ளினார். அவள் அவர் கட்டைவிரலில் எலும்பு வரை கடித்தாள். கதவு சாத்தப்பட்டது. படிக்கட்டுப் பக்கம் ஒரு சன்னல் இருந்தது. அதைச் சாத்த விதி இல்லை. லிஜி சன்னல் கம்பிக்குள் போனை நுழைத்தாள்.

சாப்பாட்டு இடைவேளை முடிந்து ஆறாவது. பல் இருபத்தேழு. வைகுண்டராஜன் கையை உதறினார். "நோவுது சாரே. அந்தாளுக்க தாடை எலும்பு ரொம்பக் கட்டி." ஜாஸ்மி தைலம் போட்டுத் தேய்த்துவிட்டாள். ஞானதாசனுக்கு ஒரு கண் அடைந்துபோய், திறந்த கண் எண்ணிக்கை பிரச்சினையாகியிருந்தது. ஏழாவதில் செல்வதாஸ் பொறுமையிழந்தார். தானே போய் ஞானதாசனுக்குப் பின்னால் நின்று, இரண்டு காதையும் பிடித்துக் காமிராவுக்கு நேராகத் திருப்பினார். "இப்பிடி நிக்கணும். ஆடக்கூடாது. சிவதாணு, எடும்!"

சிவதாணு கை காட்டினார். வைகுண்டராஜன் இத்தனை நேரச் சூட்டையும் சேர்த்து முழு வீச்சில் விட்டார். அதே நொடியில் ஞானதாசனின் முழங்கால் மடிந்தது. அவர் ஓலைப்பாய்போல் சரிய, முஷ்டி அவர் தலைக்கு மேலே போய் முதன்மை வடிவ அலுவலரின் மூக்கில் இறங்கியது.

காய்ந்த மட்டை ஒடிந்த சத்தம். செல்வதாஸ் ஸ்கேனர் மேல் மல்லாந்து விழுந்து, அதன் கண்ணாடி அவர் முதுகில் உடைந்தது. எழுந்தார். சட்டை முழுக்க இரத்தம். "சவத்து மூதி!" என்று வைகுண்டராஜனின் கன்னத்தில் அறைந்தார். அடுத்த பதிவு ஆரம்பித்துவிட்டது என்று வைகுண்டராஜன் நினைத்தார். அதே இடத்தில் இன்னொன்று விட்டார். பிறகுதான் யாருடைய மூக்கு என்று கவனித்தார். சுவரில் கட்டியிருந்த வேட்டியைக் கிழித்துக்கொண்டு கதவைத் திறந்து, லிஜியைத் தாண்டி, நாலு நாலு படியாக இறங்கி ஓடிவிட்டார்.

"எனக்க மூக்கு!" செல்வதாஸின் விரலிடுக்கில் இரத்தம் கொப்புளித்தது. முப்பது வருடத்தில் அவர் அலுவலகத்துக்குள் இப்படி அலறி யாரும் கேட்டதில்லை. "அவன விடமாட்டேன். எனக்க மூக்க ஒடைச்சிட்டாம்லே! சிவதாணு, பதிவாச்சா?"

"ஏழும் ஆச்சு சார். ஒரு துளி சிந்தல" என்றார் சிவதாணு. பெருமையோடு திறந்து காட்டினார்.

உள்ளே ஒரே ஒரு கோப்பு இருந்தது. பெயர்: சான்று. ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர், இதே பெயரில் ஒன்று இருக்கிறது, அதன் மேல் எழுதவா என்று கேட்டிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் சிவதாணு ஆம் என்று அழுத்தியிருக்கிறார். மூக்கு உடைந்த களேபரத்தில் எழுந்தபோது முழங்கை பட்டு எட்டாவதாக ஒரு பதிவு ஆரம்பித்து நின்று, அதுவும் முந்தியதன் மேல் ஏறிவிட்டது. எதையும் எறியாத பிரிவு அன்று சேமித்து வைத்திருந்த மொத்த அளவு பூச்சியம் கே.பி.

ஊழியர்கள் எல்லோரும் நாற்காலிக்கு மேலே இருந்த கண்ணாடிச் சட்டத்தைப் பார்த்தார்கள். பணிமூப்பு வரிசைப்படி, யாரும் சிரிக்கவில்லை.

"எங்கிட்ட இருக்கு" என்றாள் வாசலில் நின்ற லிஜி.

போனை நீட்டிக் காட்டினாள். சன்னல் கம்பிக்கு நடுவில், முஷ்டி, மூக்கு, தெறித்த இரத்தத்தைச் சொட்டுச் சொட்டாக எண்ணலாம் போன்ற தெளிவு. செல்வதாஸ் கையை நீட்டினார். "குடு."

"சாருக்க கம்ப்யூட்டருல தொறக்காது. எச்.இ.ஐ.சி."

"கடைக்குப் போயி மாத்திட்டு வா."

"அமுக்குனா சாருக்க மூக்கு தரை ஓடு ஆயிரும்." அவள் போனைப் பின்னால் மறைத்தாள். தரையில் கிடந்த அப்பாவின் தலையைத் தன் கால் மேல் எடுத்து வைத்தபடி உட்கார்ந்தாள். "முதல்ல அப்பாவுக்க நம்பர். படத்துக்கு ஒண்ணு, சத்தத்துக்கு ஒண்ணு."

"விதி இருக்கு பிள்ளே..."

"அப்போ சாருக்கு ஒண்ணும் நடக்கல. கழுவிட்டு வீட்டுக்குப் போங்க."

மணி நாலு நாற்பது. செல்வதாஸ் மூக்கில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு அறைக்குள் போனார். பதிவேட்டைக் கொண்டு வந்தார். பார்வையிட்டேன், கேட்டேன் என்று எழுத வேண்டும்; அதற்குப் பார்க்கவும் கேட்கவும் வேண்டும். அலுவலக வரலாற்றில் முதல் தடவையாக அவர் ஒரு மனுதாரரின் போனைக் காதில் வைத்தார். மழை, "மழையில வெட்ட ஏலாது சாரே", குயில். அதன் பிறகு நாற்பத்துமூன்று வினாடி. நடுவில் எங்கோ அவருடைய இன்னொரு கை தன் மூக்குக்குப் போயிற்று. முடியும் வரை எடுக்கவில்லை. பிறகு இரண்டு எண் எழுதி, முத்திரை குத்தி, தாளைக் கிழித்து லிஜியிடம் தந்தார். ஞானதாசன் அதை வாங்கித் திறந்த கண்ணால் படித்துவிட்டுச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

ஊழியர்களை செல்வதாஸ் முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பினார். பகவதியப்பன் துண்டோடு பேருந்து நிறுத்தத்துக்குப் போனார்.

அப்பாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு லிஜி படியிறங்கியபோது, பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. செல்வதாஸ். பழைய போன் ஒன்றைக் கையில் வைத்திருந்தார். கீழே பேக்கரியில் யாராவது பார்க்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். ஜாஸ்மி எழுதிய அட்டைக்கு முதுகைக் கொடுத்து நின்றார்.

"மக்களே," என்றார் மெதுவாக, மூக்கடைத்த குரலில். "அந்தப் படத்த ஒருக்கா தொறந்து வச்சிக் காட்டு. ஆடாமப் பிடி."

அவர் தன் போனை அந்தத் திரைக்கு மேல் கொண்டுபோனார். கொஞ்சம் சாய்த்தார், கொஞ்சம் விலக்கினார். எப்படிப் பிடித்தாலும் படிக்கட்டின் டியூப் லைட் மூக்குக்குக் குறுக்கே விழுந்தது. கடைசியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினார்.

ஓரத்தில் கட்டைவிரல் விழுந்திருந்தது. பரவாயில்லை என்று சேமித்துக்கொண்டார்.